அரை ஸ்டெப் இறக்கி டியூன் பண்ண எந்த கேஜ் கம்பி போடணும்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி தொடங்கி இன்டோனேஷன் வரைக்கும்

கிட்டாரை அரை ஸ்டெப் இறக்கணும்னு எங்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு கைல ஏற்கனவே ஒரு 11 செட் பாக்கெட்டோட தான் வர்றாங்க. (கேஜ்னா கம்பியோட தடிமன், 11னா மெல்லிசான ஒண்ணாவது கம்பி ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல 11 பங்கு தடிமன். 10-46னு எழுதுனா முதல் எண் ஒண்ணாவது கம்பி, ரெண்டாவது எண் தடிமனான ஆறாவது கம்பி.) ஏன் 11னு கேட்டா, இறக்குனா கம்பி லூசாகும்ல, லூசானா ஒரு சைஸ் பெருசா போடணும்ல, அப்படின்னு பதில் வரும். லூசாகும்ங்கறது சரி. ஒரு சைஸ் பெருசுங்கறது தான் சரியில்ல, கணக்குப் போட்டுப் பாத்தா அரை சைஸ் போதும், அதுக்கு மேல போனா உங்க கைக்கு முன்னவிட கடினமாத்தான் இருக்கும். சிலருக்கு அது வேணும், சிலருக்கு வேணாம். வேணுமா வேணாமான்னு தெரியாமலே காசு குடுத்து வாங்கி, மாட்டி, பிரிட்ஜ் (கம்பியை பாடில பிடிச்சிருக்குற பாகம்) தூக்கி, ஆக்ஷன் (நெக்குக்கு மேல கம்பி நிக்கிற உயரம்) ஏறி, கடைசில கிட்டாரே சரியில்லன்னு முடிவுக்கு வர்றாங்க பாருங்க, அதுக்காகத்தான் இதை வரிசையா எழுதுறேன். வரிசை முக்கியம், இடையில குதிச்சா ஒரே வேலைய ரெண்டு தடவ செய்ய வேண்டி வரும்.

1. எங்க இருந்து எங்க இறக்குறோம்

சாதாரண டியூனிங்ல தடிமனான கம்பில இருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அரை ஸ்டெப் இறக்குனா ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட். கட்டைக் கணக்கு பழக்கமானவங்களுக்குச் சொன்னா, மூணு கட்டைல இருந்த ஈ ரெண்டரை கட்டைக்கு வருது. பாடுறவங்க மேடைல திரும்பிப் பாத்து "அரை கட்டை எறக்குங்க"ம்பாங்களே, அதே தான், கீபோர்டுக்காரர் ஒரு பட்டன் அழுத்துவாரு, நாம ஆறு கம்பியையும் திருகணும்.

இங்கயே மூணு பேருல ஒருத்தர் சறுக்குவாங்க. ஃபோன் ஆப்ல பாதி 'டி ஷார்ப்'னு காட்டும், ஈ ஃப்ளாட்னு காட்டாது, ரெண்டும் ஒரே சுரம் தான், பயப்படாதீங்க. இன்னும் மோசமான சறுக்கல் ஒண்ணு இருக்கு: கிளிப் டியூனர்ல ஊசி இடது பக்கம் சாஞ்சா 'ஃப்ளாட்'னு ஒரு லைட் எரியும், ஈ எழுத்தும் தெரியும், உடனே "ஆ, ஈ ஃப்ளாட் வந்துருச்சு"ன்னு நிறுத்திடுறாங்க. அது ஈ சுரத்துக்கு கொஞ்சம் கீழ இருக்கீங்கன்னு சொல்ற லைட்டு, ஈ ஃப்ளாட்ங்கற சுரம் இல்ல. டியூனரை குரோமேட்டிக் மோட்ல (எல்லா சுரத்தையும் காட்டுற மோட்) வைங்க, டி ஷார்ப் அல்லது ஈ ஃப்ளாட்னு எழுத்து தெரிஞ்சு ஊசி நடுவுல நிக்கணும்.

குறுக்கு வழி வேணும்னா டியூனரோட ரெஃபரன்ஸை (ஏ சுரம் எத்தனை ஹெர்ட்ஸ்ங்கறது) 440ல இருந்து 415க்கு மாத்திட்டு வழக்கம்போல ஈ ஏ டி ஜி பி ஈன்னே டியூன் பண்ணலாம், அரை ஸ்டெப் கீழ தான் வரும். ஆனா அடுத்த நாள் அதைத் திரும்ப 440க்கு மாத்த மறந்துடுவீங்க. நான் மறந்துருக்கேன், ஒரு ரிகர்சல் முழுக்க பாஸ் கிட்டார்காரரைத் திட்டிட்டு இருந்தேன்.

2. நிரந்தரமா, எப்பவாச்சுமா?

கம்பி வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்கு பதில் வேணும். வாரம் ஒரு பாட்டுக்கு மட்டும் இறக்குறீங்கன்னா கேஜ் மாத்தவே வேணாம், இருக்குற கம்பியோட இறக்கி வாசிச்சிட்டு ஏத்திக்கோங்க. ஒரே கிட்டார்ல ரெண்டு டியூனிங்கும் மாறி மாறி வேணும்னா 10-46 செட் ரெண்டுக்கும் நடுவுல சமாளிக்கும்.

இல்ல, இனிமே இந்த கிட்டார் எப்பவும் ஈ ஃப்ளாட் தான்னா மட்டும் கீழ இருக்குற முழு வேலையும் செய்யுங்க. ஏன்னா செட்டப்ங்கறது ஒரு டென்ஷனுக்குத்தான் சரியா நிக்கும். மாத்தி மாத்தி வச்சா நெக்கும், ட்ரெமலோ (கைப்பிடியால ஆட்டுற பிரிட்ஜ்) இருந்தா அதோட ஸ்பிரிங்கும் தினம் ஒரு நிலைல இருக்கும்.

ஒரு விஷயம், நிரந்தரமா இறக்கி வச்சாலும் கிளாஸ்ல வாத்தியாரோட சேர்ந்து வாசிக்கணும்னா முதல் ஃபிரெட்ல (நெக்ல குறுக்க பதிச்சிருக்குற உலோகக் கோடு) கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒண்ணா அழுத்துற கிளிப்) போட்டா பழைய டியூனிங் வந்துரும். அதுக்காக இன்னொரு கிட்டார் வாங்க வேணாம்.

3. கைல இருக்க வேண்டிய சாமான்

டியூனர், கேப்போ, கம்பி வெட்ட ஒரு கட்டர், மில்லிமீட்டர் கோடு தெளிவா தெரியுற ஒரு ஸ்டீல் ஸ்கேல், உங்க கிட்டாரோட ட்ரஸ் ராடுக்கும் (நெக்குக்குள்ள வளைவை சரி பண்ற இரும்புக் கம்பி) சேடிலுக்கும் (பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற துண்டு) பொருந்துற ஆலன் கீ, ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மர பென்சில், பழைய பனியன் துணி. பீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு) இருந்தா நல்லது, மெக்கானிக் ஷாப் சாமான் விக்கிற கடைல கிடைக்கும். இல்லன்னா ஒரு விசிட்டிங் கார்டு போதும்.

ஆலன் கீ விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். சில கிட்டாருக்கு இஞ்ச் அளவு, சிலதுக்கு மில்லிமீட்டர் அளவு. கிட்டத்தட்ட பொருந்துதுன்னு தப்பான சாவியை விட்டுத் திருகுனீங்கன்னா ட்ரஸ் ராட் நட்டோட உள்பக்கம் வழுவழுன்னு தேஞ்சு போயிரும், அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது.

4. பழைய கம்பி இருக்கும்போதே அளந்து எழுதிக்கோங்க

யாரும் செய்யாத ஸ்டெப் இது தான். கட்டரை எடுத்த உடனே டக்கு டக்குன்னு ஆறையும் வெட்டிட்டு, அப்புறம் "அண்ணா, முன்னாடி நல்லா இருந்துச்சு, இப்ப ஏதோ மாதிரி இருக்கு"ன்னு வருவாங்க. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

இப்ப இருக்குற டியூனிங்ல வச்சுக்கிட்டு மூணு அளவு எடுங்க. ஒண்ணு, ரிலீஃப், அதாவது நெக்கோட லேசான வளைவு: முதல் ஃபிரெட்ல கேப்போ, கடைசி ஃபிரெட்ல விரல், ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி. 0.25 மில்லிமீட்டர் சுத்துவட்டாரத்துல இருந்தா சரி, விசிட்டிங் கார்டு உரசிக்கிட்டே போற அளவு. ரெண்டு, ஆக்ஷன்: பன்னிரண்டாவது ஃபிரெட்ல ஒண்ணாவது கம்பியோட உயரமும் ஆறாவது கம்பியோட உயரமும். மூணு, ட்ரெமலோ இருந்தா பிரிட்ஜ் எந்தச் சாய்வுல நிக்குதுன்னு பக்கவாட்டுல இருந்து ஒரு ஃபோட்டோ.

கூடவே இப்ப என்ன கேஜ் போட்டிருக்குன்னும் தெரியணும். பாக்கெட் தூக்கிப் போட்டாச்சா? மைக்ரோமீட்டர் இருக்குற கடைல அளக்கச் சொல்லலாம். இல்லன்னா கிட்டார் வாங்கும்போது இருந்த கம்பியே இன்னும் இருக்குன்னா கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலுக்கு என்ன போட்டு அனுப்புறாங்கன்னு இருக்கும். எலெக்ட்ரிக்ல பெரும்பாலும் 9-42 இல்லன்னா 10-46 தான்.

5. பழைய கம்பிலயே ரெண்டு நாள் இறக்கி வாசிங்க

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா செய்யுங்க. சும்மா இருக்குற கம்பியை ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கி ரெண்டு நாள் வாசிச்சா, உங்க கைக்கு என்ன வேணும்னு கையே சொல்லிரும்.

ஒரு டெஸ்ட் சொல்றேன். டியூனரை மாட்டிக்கிட்டு ஆறாவது கம்பியை முதல்ல மெதுவா அடிங்க, ஊசி எங்க நிக்குதுன்னு பாருங்க. அப்புறம் மேடைல உச்சக்கட்ட பாட்டுக்கு எப்படி அடிப்பீங்களோ அப்படி ஓங்கி அடிங்க. ஊசி முதல்ல மேல தாவி, அப்புறம் மெதுவா எறங்கி இடத்துக்கு வரும். எல்லாக் கம்பிலயும் கொஞ்சம் இது இருக்கும், ஆனா லூசான கம்பில தாவல் பெருசா இருக்கும், ஒவ்வொரு கார்டும் ஒரு நொடிக்கு 'ஞொய்ங்'னு சுருதி ஏறி எறங்குற மாதிரி கேக்கும். உங்க அடிக்கு ஊசி பெருசா தாவுதுன்னா தடிமன் கூட்டணும். தாவலன்னா, அதாவது மெல்லிசா பிக் பண்ற ஆளுன்னா, கேஜ் மாத்தாமலே இருக்கலாம்.

இடது கைக்கும் ஒரு டெஸ்ட். முதல் ஃபிரெட்லயும் ரெண்டாவது ஃபிரெட்லயும் வர்ற ஓப்பன் கார்டு எல்லாம் வழக்கம்போல பிடிச்சு ஒவ்வொரு கம்பியா டியூனர்ல பாருங்க. சுருதி இறக்குனா அதே அழுத்தத்துக்கு முன்னவிட ஜாஸ்தியா ஷார்ப் ஆகும். பெண்ட் பண்ணும்போதும் (கம்பியைப் பக்கவாட்டுல தள்ளி சுருதி ஏத்துறது) பாக்கலாம், முன்ன தள்ளுன தூரத்தவிட கம்மியா தள்ளுனாலே ஒரு முழு ஸ்டெப் வந்துரும். பெண்டுக்கு இது வரம், கார்டுக்கு இது சாபம். கட்டைவிரலை நெக்குக்குப் பின்னாடி வச்சு இரும்புப் பிடி பிடிக்கிறவங்களுக்குத் தான் இது பெரிய பிரச்சனை, தடிமன் கூட்டுனா அவங்க விரலால அவ்ளோ சுலபமா கம்பியைத் தள்ள முடியாது, அதனால கட்டுக்குள்ள இருக்கும்.

6. கணக்கு: ஏன் அரை கேஜ்

கம்பியோட டென்ஷன், அதிர்வெண்ணோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும் எறங்கும். அரை ஸ்டெப் இறக்குனா அதிர்வெண் கிட்டத்தட்ட 5.6 சதவீதம் குறையும், ஒண்ணாவது கம்பி 329.6 ஹெர்ட்ஸ்ல இருந்து 311.1க்கு வரும். வர்க்கம் எடுத்தா டென்ஷன்ல குறையுறது சுமார் 11 சதவீதம். ஒரு 10-46 செட்டு, ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) மாதிரி 25.5 இஞ்ச் ஸ்கேல்ல (கம்பி அதிர்ற நீளம்), மொத்தமா ஏறக்குறைய 47 கிலோ இழுக்கும். இறக்குன உடனே அது 42 கிலோ ஆயிரும். நெக்கு மேல இருந்து அஞ்சு கிலோ அரிசிப் பையை எடுத்த மாதிரி.

இப்ப தடிமன். பிளெயின் கம்பில (மேல சுத்து இல்லாத கம்பி) டென்ஷன் தடிமனோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அதனால போன 11 சதவீதத்தைத் திருப்பிக் கொண்டு வரணும்னா தடிமனை சுமார் 6 சதவீதம் கூட்டுனா போதும். 9ஐ 6 சதவீதம் கூட்டுனா 9.5. 10ஐக் கூட்டுனா 10.6. முடிஞ்சது கணக்கு.

ஒண்ணாவது கம்பியை மட்டும் எடுத்துப் பாருங்க, எல்லாம் 25.5 இஞ்ச் ஸ்கேல்ல. சாதாரண டியூனிங்ல 9 போட்டா கிட்டத்தட்ட 5.95 கிலோ. ஈ ஃப்ளாட்ல 9.5 போட்டா 5.9 கிலோ, அச்சு அசல் அதே தான். ஈ ஃப்ளாட்ல 10 போட்டா 6.55, அதாவது உங்க பழைய 9ஐ விட 10 சதவீதம் இறுக்கம். அதே மாதிரி சாதாரண டியூனிங்ல 10 போட்டா 7.35 கிலோ, ஈ ஃப்ளாட்ல 10.5 போட்டா 7.2, 11 போட்டா 7.9.

ஆக, 9ல இருந்து 10க்கோ 10ல இருந்து 11க்கோ தாவுறவங்க "பழைய இறுக்கம் திரும்ப வரும்"னு நினைச்சுத் தாவுறாங்க, வர்றது பழசைவிட எட்டுல இருந்து பத்து சதவீதம் கூடுதல் இறுக்கம். அது தப்புன்னு சொல்லல. ஓங்கி அடிக்கிற ரிதம் கிட்டாரிஸ்டுக்கு அந்தக் கூடுதல் பிடிச்சுப் போகும். ஆனா தெரிஞ்சே எடுங்க.

ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13 போட்டாரே, நானும் போடுறேன்னு ஒரு தம்பி வந்தான். ஈ ஃப்ளாட்ல இறக்குனாலும் அந்த 13, சாதாரண டியூனிங்ல இருக்குற 10ஐ விட ஒன்றரை மடங்கு இறுக்கம்ப்பா, உனக்கு இப்ப 10ல பெண்ட் சரியா ஏற மாட்டேங்குதுன்னு போன வாரம் சொன்னியே, அப்படின்னு கேட்டேன். சிரிச்சுட்டு 10.5 வாங்கிட்டுப் போனான்.

7. பாக்கெட் எடுக்குறது

இப்ப கடைக்குப் போகலாம். முன்ன 9-42ல சந்தோஷமா இருந்தீங்களா, அதே சந்தோஷம் வேணும்னா 9.5-44. எர்னி பால் கம்பெனில பிரைமோ ஸ்லிங்க்கின்னு இருக்கு. கொஞ்சம் இறுக்கம் வேணும்னா 10-46, இது எல்லாக் கடைலயும் கிடைக்கும், 9.5 கிடைக்காத ஊர்ல இதுவே போதும், பத்து சதவீதம் ஒரு வாரத்துல பழகிரும்.

முன்ன 10-46ல இருந்தவங்க அதே ஃபீலுக்கு 10.5-48 எடுங்க, எர்னி பால்ல மெகா ஸ்லிங்க்கி. அது கிடைக்கலன்னா 10-48, மேல மூணு கம்பி பழைய மாதிரி 10, 13, 17ஆ இருக்கும், கீழ மூணு மட்டும் தடிமனா இருக்கும். லீடு ஈஸியா வேணும், ரிதம் கெட்டியா வேணும்ங்கறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத் தான். 11-48, 11-49 எல்லாம் கடினமா அடிக்கிறவங்களுக்கு.

ஸ்கேல் நீளத்தை மறந்துடாதீங்க. லெஸ் பால் மாதிரி கிட்டார்ல 24.75 இஞ்ச், அதே கம்பி அதே சுருதிக்கு ஸ்ட்ராட்டை விட 6 சதவீதம் லூசா இருக்கும். ஒரே கிட்டார்ல டியூனிங் மட்டும் மாத்துறீங்கன்னா இது கவலை இல்ல, அரை கேஜ் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனா ஸ்ட்ராட் வச்சிருக்குற நண்பன் 10.5 நல்லா இருக்குன்னு சொன்னான்னு உங்க லெஸ் பாலுக்கு வாங்குனா தொளதொளன்னு தெரியும். லெஸ் பால்ல ஈ ஃப்ளாட்ல 11 போட்டா தான் ஸ்ட்ராட்ல சாதாரண டியூனிங்ல 10 போட்ட இறுக்கம் வரும். கன்ஸ் அண்ட் ரோஸஸ் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் ஈ ஃப்ளாட்டுக்கு 11-48 போடுறாருன்னா அதைக் கேட்டு ஸ்ட்ராட்காரங்க பயப்பட வேணாம், அவர் கிட்டார்ல அது அவ்ளோ கடினம் இல்ல.

ஆறாவது கம்பியை மட்டும் இன்னொரு முழு ஸ்டெப் இறக்கி டிராப் டி ஃப்ளாட் வாசிக்கிறவங்களுக்கு 46 கண்டிப்பா பத்தாது, முப்பது சதவீதம் டென்ஷன் போயிரும், கம்பி ஃபிரெட்ல அடிபட்டு கரகரன்னு சத்தம் வரும். அவங்களுக்கு 10-52 செட்.

அக்கூஸ்டிக்ல நான் வேற மாதிரி சொல்வேன். 12-53 போட்டிருந்தா மாத்தாதீங்க, இறக்கி வாசிங்க. 12ஐ ஈ ஃப்ளாட்ல வச்சா சாதாரண டியூனிங்ல இருக்குற 11க்கும் 12க்கும் நடுவுல ஒரு இறுக்கம் இருக்கும், கைக்கு இதமா, மேல்பலகைக்கும் பாரம் கம்மி. 11ல இருந்தவங்க 12க்குப் போகலாம். 13-56 ஈ ஃப்ளாட்ல வச்சா 12ஐ விடக் கொஞ்சம் தான் கூடுதல், ஆனா உங்க கிட்டார்ல பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை ஏற்கனவே வயிறு மாதிரி உப்பியிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார்ல கேஜ் பாத்து வாங்குறது இல்ல, நார்மல் டென்ஷன், ஹார்ட் டென்ஷன்னு தான் பாக்கெட்ல இருக்கும். இறக்குறதுன்னா ஹார்ட் எடுங்க. இறுக்கம் வேணும்னு அதுல ஸ்டீல் கம்பி மட்டும் மாட்டிடாதீங்க தயவுசெஞ்சு, பிரிட்ஜ் பிஞ்சு கையோட வந்து நின்ன கிட்டார் ரெண்டு மூணு பாத்துட்டேன்.

8. மாட்டும்போது: ஒண்ணொண்ணா

ட்ரெமலோ இருக்குற கிட்டார்ல ஆறு கம்பியையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க. நான் ஒரு தடவ, மறுநாள் காலைல வாசிக்கப் போகணும், ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ளாய்ட் ரோஸ்ங்கற ட்ரெமலோ பிரிட்ஜ் இருந்த கிட்டார்ல ஆறையும் வெட்டிட்டேன். பின்னாடி ஸ்பிரிங் மட்டும் இழுத்துட்டு இருக்க எதிர்ப்பக்கம் பிடிக்க ஆள் இல்ல, பிரிட்ஜ் 'டொக்'னு உள்ள படுத்துருச்சு. புதுக் கம்பி ஒண்ணு மாட்டி டியூன் பண்ணா அடுத்தது மாட்டும்போது முதலாவது எறங்கும், அதை ஏத்துனா இது எறங்கும். விடியக்காலை ரெண்டரை ஆச்சு. ஒண்ணு கழட்டி ஒண்ணு மாட்டி சுருதிக்கு ஏத்திட்டு அடுத்ததுக்குப் போயிருந்தா முக்கால் மணி நேர வேலை.

பழசைக் கழட்டுன உடனே நட்டோட (நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்கார்ற பட்டை) பள்ளத்தைப் பாருங்க. பென்சில் முனையை அதுல தேச்சு கருப்பு ஏத்துங்க, கிராஃபைட் கம்பியை வழுக்க விடும். புதுக் கம்பி பள்ளத்துக்குள்ள முழுசா உக்காரணும். 46 இருந்த இடத்துல 48, 49 பெரும்பாலும் உக்காந்துரும், 52 சந்தேகம். டியூன் பண்ணும்போது திருகத் திருக சுருதி நகராம, திடீர்னு 'டிங்'னு ஒரு சத்தத்தோட தாவுனா கம்பி அங்க சிக்குதுன்னு அர்த்தம். பள்ளத்துல எறங்காம மேல நின்னா முதல் ஃபிரெட்ல எல்லாமே ஷார்ப் அடிக்கும், நீங்க இன்டோனேஷன் (எல்லா ஃபிரெட்லயும் சுருதி சரியா வர்றது) சரியில்லன்னு சேடிலைப் போட்டு நோண்டிட்டு இருப்பீங்க. ஆக்சா பிளேடு, கத்தி எதுவும் வேணாம், நட் ஃபைல் வச்சிருக்குற ஆள்கிட்ட குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

மெல்லிசுக் கம்பிக்கு பெக்குல (டியூன் பண்ணத் திருகுற முளை) மூணு சுத்து, தடிமனுக்கு ரெண்டு சுத்து. ஜாஸ்தி சுத்துனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கம்பி இறுகி முடிக்க நாள் ஆகும், அது வரைக்கும் டியூன் நிக்காது.

9. டியூன் பண்ணுங்க, இழுங்க, விடுங்க

நேரா ஈ ஃப்ளாட்டுக்கே ஏத்துங்க. முதல்ல ஈ வரைக்கும் ஏத்திட்டு அப்புறம் இறக்குறது வேணாம். எப்பவும் கீழ இருந்து மேல வந்து நிறுத்தணும், மேல போயிட்டா நல்லா கீழ இறக்கிட்டு மறுபடி ஏறி வாங்க. மேல இருந்து எறங்கி நிறுத்துனா பெக்குல இருக்குற தளர்வு அப்படியே தங்கும், முதல் பெண்டுலயே சுருதி விழுந்துரும்.

ஆறும் ஏத்துனதும் ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் பிடிச்சு மெதுவா வெளிய இழுங்க, டியூன் பண்ணுங்க, மறுபடி இழுங்க. இழுத்தாலும் எறங்காத நிலை வர்ற வரைக்கும். அப்புறம் ஒரு ராத்திரி அப்படியே வச்சிருங்க. நெக் மரம் புது பாரத்துக்குப் படியணும், உடனே ட்ரஸ் ராடைத் திருகுனா நாளைக்கு மறுபடி திருகணும். நம்ம ஊர் மழைக்காலத்துல மரம் தானாவே கொஞ்சம் நகரும், அதுல இதையும் சேர்த்துக் குழப்பிக்க வேணாம்.

10. பிரிட்ஜ், அப்புறம் நெக்

அரை கேஜ் எடுத்தவங்களுக்கு இங்க ஒரு போனஸ் இருக்கு. மொத்த டென்ஷன் பழைய அளவுக்கே வந்துட்டதால ஸ்பிரிங்கும் நெக்கும் பெரும்பாலும் இருந்த இடத்துலயே நிக்கும், ஃபோட்டோவைப் பாத்து ஒப்பிட்டுட்டு அடுத்த ஸ்டெப்புக்குப் போயிருவீங்க. ஃப்ளாய்ட் ரோஸ் வச்சிருக்குறவங்க கேஜ் தேர்வு பண்ணும்போது இதுக்கே தனி மார்க் குடுக்கணும்.

பழைய கம்பியோடயே இறக்குனவங்களுக்கு ஸ்பிரிங் ஜெயிச்சு பிரிட்ஜோட பின்பக்கம் உள்ள எறங்கியிருக்கும், ஆக்ஷன் தாழ்ந்து எல்லா இடத்துலயும் கரகரன்னு பஸ் (கம்பி ஃபிரெட்ல உரசுற சத்தம்) அடிக்கும். பின்மூடியைக் கழட்டி, ஸ்பிரிங் மாட்டியிருக்குற தகட்டோட ரெண்டு ஸ்க்ரூவையும் சமமா கொஞ்சம் தளர்த்துங்க, ஒரு தடவைக்கு அரைச் சுத்துக்கு மேல வேணாம். ஒவ்வொரு தடவையும் மறுபடி டியூன் பண்ணிட்டுத்தான் பாக்கணும், டியூன் பண்ணாம பாத்தா அது பொய். ஒரேயடியா பெரிய கேஜ் போட்டவங்களுக்கு இதுக்கு நேர் எதிர், பிரிட்ஜ் முன்னாடி சாஞ்சு தூக்கிட்டு நிக்கும், ஸ்க்ரூவை இறுக்கணும்.

பிரிட்ஜ் நின்னதும் நெக். மறுபடி கேப்போ போட்டு ரிலீஃபைப் பாருங்க. டென்ஷன் குறைஞ்சிருந்தா நெக் நிமிர்ந்திருக்கும், இடைவெளியே இல்லாம போயி முதல் அஞ்சு ஃபிரெட்டுக்குள்ள மட்டும் பஸ் அடிக்கும். ட்ரஸ் ராடைத் தளர்த்துங்க, கடிகாரத்துக்கு எதிர்த் திசை. டென்ஷன் கூடியிருந்தா வளைவு ஜாஸ்தியா இருக்கும், நடு ஃபிரெட்டெல்லாம் உயரமா தெரியும், கடிகாரத் திசைல இறுக்கணும். கால் சுத்து, டியூன், பாருங்க. இறுக்கும்போது கம்பியை முதல்ல கொஞ்சம் தளர்த்திக்கோங்க. முக்கி முனகித் திருக வேண்டி வந்துச்சுன்னா நிறுத்திட்டு தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க.

நெக் நகர்ந்திருந்தா பிரிட்ஜை ஒரு தடவ திரும்பப் பாருங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும்.

11. ஆக்ஷன்

நெக் சரியான பிறகு தான் இது. பஸ் அடிக்குதுன்னு முதல்லயே சேடிலைத் தூக்குறது தான் நான் அதிகமா பாக்குற தப்பு, நெக் நிமிர்ந்ததால வந்த பஸ்ஸை சேடிலைத் தூக்கி மறைச்சா மேல் ஃபிரெட்ல வாசிக்கவே முடியாது.

நீங்க எழுதி வச்ச அளவுக்கு முதல்ல கொண்டு வாங்க. இறுக்கம் பழைய மாதிரியே இருந்தா அது போதும். கம்பி லூசா இருந்தா அதிர்ற அகலம் ஜாஸ்தி, அதனால ஆறாவது கம்பிக்கு மட்டும் ஒரு மயிரிழை கூட வைங்க. ஆம்ப் போடாம கேக்குற பஸ் ஆம்ப்ல கேக்கலன்னா விட்டுருங்க, அதைத் துரத்திப் போனா முடிவே கிடையாது.

12. இன்டோனேஷன்

எல்லாம் நின்ன பிறகு, புதுக் கம்பில, ஈ ஃப்ளாட் டியூனிங்லயே. பன்னிரண்டாவது ஃபிரெட்ல ஹார்மோனிக் (ஃபிரெட்டுக்கு நேர் மேல கம்பியை அழுத்தாம லேசா தொட்டு அடிக்கிறது) அடிச்சு டியூனர்ல நடுவுக்குக் கொண்டு வாங்க, அப்புறம் அதே ஃபிரெட்டை அழுத்தி அடிங்க. அழுத்துனது ஷார்ப்பா இருந்தா சேடிலை நட்டுல இருந்து தள்ளிப் பின்னாடி நகர்த்துங்க, ஃப்ளாட்டா இருந்தா முன்னாடி. தடிமன் கூட்டுனவங்களுக்கு வழக்கமா பின்னாடி தான் போக வேண்டி வரும், அதுவும் மூணாவது கம்பி தான் ஜாஸ்தி அடம் பிடிக்கும், சுத்து இல்லாத கம்பிலயே தடிமனானது அது.

அழுத்தும்போது மேடைல அழுத்துற அளவுக்கு அழுத்துங்க. செட்டப் பண்றப்ப பூப் போல தொட்டு சரி பண்ணிட்டு, வாசிக்கும்போது நசுக்குனா அது வேற கிட்டார். ஒரு பையன் மூணு தடவ கொண்டு வந்தான், நான் பாத்தா சரியா இருக்கும், அவன் பாத்தா ஷார்ப். கடைசில டியூனரை மாட்டி அவனையே அழுத்தச் சொன்னேன், ஊசி வலது பக்கம் போயி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அவன் கைக்கு ஏத்த மாதிரி சேடிலை வச்சுக் குடுத்தேன், கூடவே அடுத்த தடவ 11 வாங்குப்பா, உன் கைக்கு 10.5 பத்தாதுன்னும் சொல்லி அனுப்புனேன்.

13. மேடை ஏறுறதுக்கு முன்னாடி

நீங்க ஈ கார்டு பிடிச்சா வர்றது ஈ ஃப்ளாட். இதை கீபோர்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, அவர் டிரான்ஸ்போஸை மைனஸ் ஒண்ணுல வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் ஒரே கார்டு பேரையே பேசலாம். பாஸ் கிட்டார்காரரும் இறக்குறாரா, இல்ல கார்டை மாத்தி வாசிக்கிறாரான்னு கேட்டுக்கோங்க. கழட்டுன பழைய செட்டு பாக்கெட்டை கிட்டார் பைல போட்டு, அதுல தேதியும் இப்ப போட்டிருக்குற கேஜும் ஆக்ஷன் அளவும் பேனால எழுதி வைங்க, அடுத்த தடவ கம்பி மாத்தும்போது நாலாவது ஸ்டெப் ஏற்கனவே முடிஞ்சிருக்கும்.